ஆயர் ஆக ஏன் இத்தனை வருடம்?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

போன மாதம், நான் ஆயராக இருக்கும் சபை வட்டாரமான எங்கள் சேகரத்தில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார். "ஐயரே, என் மக பி.எஸ்சி. முடிச்சிட்டா. ஊழியத்துக்குப் படிக்கப் போறேங்கா. இன்னும் நாலு வருஷமாமே? பைபிளை எடுத்துப் பிரசங்கம் பண்ண நாலு வருஷமா?" வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே ஏதோ பதில் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபிறகும் மனசு ஆறவில்லை. அந்தத் தாய்க்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் போன்ற சபைகளில் ஆயராக வருபவர்கள் பெரும்பாலும் பி.டி., அதாவது இளநிலை இறையியல் பட்டம், படித்தவர்கள். இளநிலை என்று பெயர் இருந்தாலும், ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள் அதன்மேல் படிக்கிற படிப்பு இது. அமெரிக்காவில் இதே படிப்புக்கு எம்.டிவ். என்று பெயர் மாற்றி முதுநிலைப் பட்டமாகவே கொடுக்கிறார்கள். பி.டி.க்கு அப்புறம் ஒரு துறையைத் தேர்ந்து இரண்டு ஆண்டு படித்து ஆய்வேடு எழுதினால் எம்.டிஎச்., அதாவது முதுநிலை இறையியல் பட்டம்.

பட்டத்தைத் தருவது செராம்பூர் கல்லூரியின் செனட் என்ற ஆட்சிக்குழு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில், ஹூக்ளி ஆற்றங்கரையில், வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூவர் 1818-ல் தொடங்கிய கல்லூரி அது. அந்த ஊர் அப்போது டென்மார்க் அரசின் கையில் இருந்தது. நம் தரங்கம்பாடியும் அப்படித்தான். டென்மார்க் மன்னர் ஆறாம் ஃபிரெடரிக் 1827-ல் அந்தக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாக எழுதிக் கொடுத்தார். 1845-ல் செராம்பூர், தரங்கம்பாடி இரண்டையும் ஆங்கிலேயரிடம் விற்றபோதும் சாசனம் செல்லுபடியாகவே இருந்தது. ஆனாலும் முதல் பி.டி. பட்டம் 1915-ல்தான் கொடுக்கப்பட்டது. 1918-ல் வங்காளத்தில் ஒரு சட்டம் வந்து, பல சபைகளும் சேர்ந்த செனட் அமைந்தது. அதனால்தான் மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்தாலும், சென்னை கீழ்ப்பாக்கத்தில் குருகுலம் என்ற லுத்தரன் இறையியல் கல்லூரியில் படித்தாலும், பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் படித்தாலும் பட்டம் வருவது ஒரே இடத்திலிருந்துதான்.

சரி, நாலு வருடம் என்னதான் படிக்கிறார்கள்? பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, இறையியல் கோட்பாடுகள், திருச்சபை வரலாறு, பிற சமயங்கள், ஒழுக்கவியல், சமூக ஆய்வு, பிரசங்கக் கலை, சபை மக்களைக் கவனிக்கும் மேய்ப்புப் பணி. கூடவே எபிரெயமும் கிரேக்கமும். மொழிப் பாடம் என்றாலே மாணவர்களுக்கு முகம் வாடிவிடும். எனக்கும் வாடியது. ஆனால் ஒரு நாள் சங்கீதம் 69 வாசித்தோம். நம் தமிழ் வேதாகமத்தில், வெள்ளம் ஆத்துமாமட்டும் பெருகி வருவதாக முதல் வசனம் சொல்லும். சிறு வயதிலிருந்து கேட்ட வரிதான். அங்கே எபிரெயத்தில் இருக்கும் சொல் நெஃபெஷ். அதற்கு உயிர், ஆத்துமா என்ற பொருளோடு தொண்டை, கழுத்து என்ற பொருளும் உண்டு என்றார் ஆசிரியர். வகுப்பே ஒரு நிமிடம் அமைதியானது. தண்ணீர் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது என்கிறான் அந்த மனிதன்! கழுத்தளவு கடன் என்று நம் ஜனங்கள் சொல்கிறார்களே, அதே பேச்சு. வட்டிக்கு வாங்கிவிட்டுத் தூக்கமில்லாமல் கிடக்கிறவர் வீட்டில் இன்றைக்கும் நான் அந்தச் சங்கீதத்தைத்தான் வாசிக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்காகவே எபிரெயம் படிக்கலாம்.

ஆனால் அந்த அம்மாவுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வகுப்பறைக்கு வெளியே நடக்கும் படிப்பைப் பற்றி. மதுரையில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இறையியலைத் தமிழிலேயே படிக்கலாம். அங்கே மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறி, குடிசைப் பகுதிகளில் குடியிருந்து படிக்கும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நின்றவர் வேலையைப் பற்றியும் கூலியைப் பற்றியும் பிரசங்கம் செய்தால் கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று மருத்துவமனைப் பயிற்சி. அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் 1925-ல் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களுக்காக இதைத் தொடங்கினார். அவரே முன்பு மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்தவர். நூலைப் படிக்கிற அதே கவனத்தோடு துன்பப்படுகிற மனிதரையும் படிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். நம் பக்கம் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தப் பயிற்சி உண்டு.

நான் பயிற்சிக்குப் போன மருத்துவமனையில், சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்ட ஒரு பாட்டியிடம் என்னை அனுப்பினார்கள். பத்து நிமிடம் இருந்தேன். வேதம் வாசித்து, ஜெபம் பண்ணிவிட்டு வந்தேன். நன்றாகச் செய்துவிட்டதாக நினைப்பு. அன்று இரவே நடந்த பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுதித் தரவேண்டும். தாளில் மூன்று பத்தி: அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது என் மனசில் இருந்தது. மறுநாள் பொறுப்பாளர் அதைப் படித்துவிட்டு முதல் பத்தியில் மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போட்டார். "இல்லாத காலு அரிக்குது தம்பி, மகன் வந்தா சொறிஞ்சு விடுவான்." "மகன் திருப்பூர்ல இருக்கான்." "அவனுக்குக் காலு எடுத்தது தெரியாது." மூன்று முறை மகனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். என் பத்தியில் மகனைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. மூன்றாவது பத்தியில் நானே எழுதியிருந்தேன்: எந்த சங்கீதம் வாசிக்கலாம் என்று யோசித்தேன்.

பொறுப்பாளர் திட்டவில்லை. மறுபடி போ என்றார், அவ்வளவுதான். அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். வேதத்தைத் திறக்கவில்லை. பாட்டி நம்பர் சொல்ல, வார்டுக்கு வெளியே இருந்த போனில் மகனுக்குச் சொன்னேன்.

நாலு வருடப் படிப்பில் இந்தப் பகுதிக்குக் கிடைக்கும் நேரம் போதாது என்பது என் உறுதியான கருத்து. சபைகள்மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வாரக்கடைசி ஊழியத்துக்கு என்று என்னை அனுப்பிய ஒரு சபையில், ஒரு வருடம் முழுக்க நாற்காலி போட்டேன், காணிக்கைப் பை எடுத்தேன். ஒரு வீட்டுக்குக்கூடக் கூட்டிப்போகவில்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை ஆயர்மார்கள் தயவுசெய்து துக்க வீட்டுக்கும் கூட்டிப்போங்கள். சண்டை நடக்கிற வீட்டுக்கும் கூட்டிப்போங்கள்.

எம்.டிஎச். ஆய்வையும் இப்படியே செய்யலாம். என்னோடு படித்த ஒரு நண்பர், கிறிஸ்தவத் துக்க வீடுகளில் ஒப்பாரி ஏன் அடங்கிப்போனது என்று கேட்டு, ஊர் ஊராய்ப் போய் வயதான பெண்களிடம் பாட்டு எழுதி வாங்கினார். அடக்க ஆராதனை நடத்தப் போனால் இப்போதெல்லாம் அவர் முதலில் அழ நேரம் கொடுக்கிறார்.

ஊழியத்துக்கு வராமல், படிக்க மட்டும் ஆசைப்படுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. செராம்பூர் செனட்டின் பி.சி.எஸ். என்ற இளநிலைக் கிறிஸ்தவ இயல் படிப்பை வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து படிக்கலாம்.

அந்த அம்மாவின் மகள் ஜூனில் கல்லூரிக்குக் கிளம்புகிறாள். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களும் குருத்துவ அபிஷேகம் பெற்று ஆயராகிறார்கள் என்று சொன்னபோது அம்மாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. நாளைக்குப் பொது மருத்துவமனைக்குப் போகிறேன், எங்கள் சபைத் தாத்தா ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். அவளையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன். வேதம் நான் எடுத்துக்கொள்கிறேன், நீ ஒரு நோட்டு மட்டும் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.