மெல்ல மெல்ல வந்த கோடைப் பாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

முதலில் ஒரு சின்ன வேலை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். மற்றவர்கள் கையைத் தொடையில் வைத்துக்கொள்ளுங்கள். தகிட தகிட தக. தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. ஒவ்வொரு சொல்லும் தொடங்குகிற இடத்தில் ஒரு தட்டு தட்டுங்கள். நாலைந்து முறை சுற்றி வந்தால் தோள் தானாக அசையத் தொடங்கும்.

2017ஆம் ஆண்டின் கோடையில் உலகமே ஆடிய பாட்டு இந்த நடையின் மேல்தான் நின்றது. லூயிஸ் ஃபோன்சியும் டாடி யாங்கியும் பாடிய 'டெஸ்பாசிட்டோ'. நான் பிள்ளைகளுக்கு கிட்டார் சொல்லிக்கொடுப்பவன். அந்த வருடம் புதிதாக வந்து உட்கார்ந்த பிள்ளைகள் எல்லாரும் கேட்டது இந்தப் பாட்டின் நான்கு கார்டுகளைத்தான், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளைத்தான். பி மைனர், ஜி, டி, ஏ. கடைசிவரை இந்த நான்கும்தான் சுற்றிச் சுற்றி வரும். இவ்வளவு எளிமையான ஒன்று எப்படி இத்தனை பேரைப் பிடித்தது என்று அப்போது தேடத் தொடங்கினேன். கிடைத்ததில் கொஞ்சத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஃபோன்சி கரீபியன் கடலில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவில், அதன் தலைநகர் சான் ஹுவானில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார். உருகி உருகிப் பாடும் காதல் பாட்டுகள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. 2015இல் ஒருநாள் காலை எழுந்தபோது இந்த ஒரு சொல்லும் அதன் மெட்டும் மனதில் இருந்தன என்று அவர் சொல்லியிருக்கிறார். பனாமாவைச் சேர்ந்த பாடலாசிரியர் எரிகா எண்டரோடு மயாமி வீட்டில் கிட்டாருடன் உட்கார்ந்து பாட்டை எழுதினார். பின்னால் டாடி யாங்கி தன் பகுதியை எழுதிச் சேர்த்தார். ஒலிக்கோர்ப்பு செய்தவர்கள் கொலம்பியாக்காரர்கள் இருவர், மௌரிசியோ ரெங்கிஃபோவும் ஆந்த்ரேஸ் தோரஸும்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். ஸ்பானிய மொழியில் 'டெஸ்பாசியோ' என்றால் மெதுவாக. அதன் வாலில் 'இட்டோ' சேர்ந்தால் சொல் குழைந்துவிடும். நாம் 'மெல்ல' என்பதை 'மெல்ல மெல்ல' என்று இரட்டித்துச் சொல்லும்போது வருகிற அந்தக் குழைவுதான். பாட்டில் அந்தச் சொல் வரும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். அதுவரை ஓடிவந்த தாளம் அங்கே கால் தளர்கிறது. டெஸ்... பா... சிட்டோ... என்று ஒவ்வொரு அசையாக இறங்குகிறது. சொல் எதைக் கேட்கிறதோ அதை இசை செய்து காட்டுகிறது. பிறகுதான் தகிட தகிட தக மறுபடி பிடித்துக்கொள்கிறது. ஸ்பானிய மொழி ஒரு வார்த்தையும் தெரியாதவர்கள்கூட அந்த இடத்தில் வாய் திறந்து பாடியதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். பாட்டின் பொருள் அந்த ஒரு சொல்லிலேயே கையில் கிடைத்துவிடுகிறது.

அந்த நடைக்கு 'டெம்போ' என்று பெயர். வேகத்தைக் குறிக்கும் டெம்போ இல்லை இது. 1990களின் தொடக்கத்தில் ஜமைக்காவின் ஷாபா ரேங்ஸ் பாடிய 'டெம் போ' என்ற பாட்டிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். பனாமா கால்வாய் வெட்டும் வேலைக்குப் போன ஜமைக்காத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள், ஜமைக்கா இசையைப் பனாமாவில் ஸ்பானிய மொழியில் பாடினார்கள். அது புவேர்ட்டோ ரிக்கோவுக்கு வந்தது. சான் ஹுவானின் அரசுக் குடியிருப்புகளில் இளைஞர்கள் அதன்மேல் தங்கள் வார்த்தைகளை அடுக்கி, கேசட்டில் பதிந்து, கைக்குக் கை கொடுத்தார்கள். வில்லா கென்னடி என்ற குடியிருப்பில் வளர்ந்த டாடி யாங்கி அந்தக் கூட்டத்தில் ஒருவர். பேஸ்பால் வீரராக வேண்டும் என்று கனவு கண்ட பையன். பதின்ம வயதில் எங்கிருந்தோ வந்த குண்டு காலில் பாய்ந்தது, அந்தக் கனவு அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு இசைதான்.

1995இல் காவல்துறை கடைகளுக்குள் புகுந்து அந்தக் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. ஆபாசம் என்பது குற்றச்சாட்டு. சில வரிகள் கொச்சையானவை என்பது உண்மைதான். ஆனாலும் ஏழைப் பிள்ளைகள் தங்கள் தெருவைப் பற்றித் தங்கள் மொழியில் பாடிய ஒரே இசை அது என்பதும் உண்மை. அந்த இசைதான் ரெகேடோன் என்ற பெயரில் வளர்ந்தது. டாடி யாங்கி 2004இல் பாடிய 'கசோலினா'வை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2023இல் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துக் காக்கிறது. பறிமுதல் செய்யப்பட்ட இசை இருபத்தெட்டு ஆண்டுகளில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

சரி, வெளியீட்டுக்கு வருவோம். கோடைப் பாட்டு என்கிறோம். ஆனால் 'டெஸ்பாசிட்டோ' வெளிவந்தது 2017 ஜனவரி இரண்டாம் வாரத்தில், வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில். முதலில் லத்தீன் அமெரிக்க நாடுகள் எடுத்துக்கொண்டன, அப்புறம் ஸ்பெயின். ஏப்ரலில் கனடாப் பாடகர் ஜஸ்டின் பீபர் இசைப் பயணமாகக் கொலம்பியாவின் போகோட்டாவில் இருந்தபோது, ஓர் இரவு நடன விடுதியில் இந்தப் பாட்டுக்குக் கூட்டம் ஆடுவதைப் பார்த்தார். சில நாட்களுக்குள் அங்கேயே ஸ்பானிய உச்சரிப்பைச் சொல்லிக்கொடுக்க ஒருவரை வைத்துப் பாடிப் பதிந்தார். ஏப்ரல் 17இல் அந்த மறுபதிப்பு வந்தது. மே மாதக் கடைசியில் அமெரிக்காவில் வாராவாரம் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு முதன்மைப் பட்டியலில் முதலிடம். பதினாறு வாரம் அங்கேயே நின்று, 1995இல் மரையா கேரியும் பாய்ஸ் டூ மென் குழுவும் வைத்திருந்த சாதனையைத் தொட்டது. பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் உள்ள ஒரு பாட்டு அந்த இடத்துக்கு வந்தது 1996இன் 'மக்கரேனா'வுக்குப் பிறகு அப்போதுதான்.

பீபர் சேர்ந்ததால்தான் பாட்டு உலகம் முழுக்கப் போனது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்க வானொலிகளின் கதவை அவர் திறந்துவிட்டார், சரி. ஆனால் யூடியூபில் பழைய காணொளி, அதாவது பீபர் இல்லாத காணொளி, மறுபதிப்பு வந்த அதே வாரத்தில் நூறு கோடிப் பார்வையைத் தாண்டிவிட்டது. மூன்று மாதத்தில் சேர்ந்த கணக்கு அது. ஆகஸ்டில் யூடியூபிலேயே அதிகம் பார்க்கப்பட்ட காணொளி ஆனதும் அந்தப் பழையதுதான். கூட்டம் முன்பே கூடியிருந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தானே பீபரும் வந்தார்?

ஜூலையில் மலேசியாவில் ஒரு புகார் எழுந்தது. வரிகள் ஆபாசமானவை என்று சொல்லி அரசு வானொலி, தொலைக்காட்சிகளில் பாட்டை நிறுத்தினார்கள். மின்னல் எஃப்எம் வழியாகத் தமிழ் ஒலிபரப்பை நடத்தும் ஆர்டிஎம் நிறுவனம்தான் அது. தனியார் நிலையங்களுக்குத் தடை இல்லை. வானொலியில் பேசுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பாட்டின் வரிகள் சிற்றின்பம் பேசுகின்றன என்பது உண்மை. சிறுவர் நிகழ்ச்சியில் போடக் கூடாது என்றால் ஒப்புக்கொள்வேன். முழுக்க நிறுத்தியதுதான் எனக்கு ஏற்கவில்லை.

அந்தக் காணொளியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பகுதியை லா பெர்லாவில் எடுத்தார்கள். லா பெர்லா என்றால் முத்து. பழைய சான் ஹுவானின் கோட்டைச் சுவருக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவில் சரிவில் தொங்குகிற ஒரு குடியிருப்பு. ஊருக்குள் குடியிருக்க விடப்படாத அடிமைகளும் ஏழைகளும் ஒதுக்கப்பட்ட இடம். மாடு அறுக்கும் தொட்டியும் அங்கேதான் இருந்தது. சுற்றுலாப் பயணிகளை அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று பல காலம் எச்சரித்த இடம். காணொளி தொடங்கும்போது பாறையில் அலை மோதுகிறது. நீலமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக வீடுகள். 2006இன் பிரபஞ்ச அழகி ஜுலேய்கா ரிவேரா அந்தத் தெருவில் நடந்து வருகிறார். அந்த ஊர்க்காரர்களும் கூட ஆடுகிறார்கள். காணொளி பரவியபின், அதே தெருவைப் பார்க்கப் பயணிகள் தேடி வந்தார்கள்.

அந்தக் கோடை முடியும்போது, செப்டம்பர் 20ஆம் தேதி மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவின் குறுக்கே போனது. தீவு முழுவதும் மின்சாரம் போயிற்று. பல ஊர்களுக்கு அது திரும்பி வர மாதக்கணக்கானது. கடலை ஒட்டிய லா பெர்லாவில் கூரைகள் பறந்தன. அமெரிக்கப் பட்டியலில் அவர்கள் பாட்டு முதலிடத்தில் இருந்து இறங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதன்பிறகு அந்தக் காணொளியை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. ஆட்டத்தை விட்டுவிட்டு, பின்னால் தெரிகிற வீடுகளின் கூரைகளைப் பார்க்கிறேன்.

என் உரை முடிந்ததும் நிலையத்தார் பாட்டை ஒலிபரப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாளம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நரம்பிசை தனியாக வரும். பலர் அதைக் கிட்டார் என்று நினைக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது குவாத்ரோ. பெயருக்கு நான்கு என்று பொருள், ஆனால் இன்றைய குவாத்ரோவில் இரண்டிரண்டாகப் பத்துத் தந்திகள். புவேர்ட்டோ ரிக்கோவின் மலைக்கிராம விவசாயிகள் வைத்து வாசித்த கருவி. கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு வீடாகப் பாடிப்போகும்போது இன்றும் கூட வருவது. இந்தப் பதிவில் வாசிப்பவர் கிறிஸ்டியன் நியெவெஸ். இரட்டைத் தந்தி என்பதால் ஒலியில் ஒரு மினுக்கம் இருக்கும். முதல் சில நொடிகள்தான், வானொலியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.