குணமா, சூழலா? ‘சூழலே’ அணியின் வாதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோர்களே, வணக்கம். ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை முடிவு செய்வது அவர் குணமா, அவர் நிற்கும் சூழலா என்பதுதான் இன்றைய கேள்வி. சூழலே என்பது எங்கள் அணி.

‘நல்லவன் எங்கே நின்றாலும் நல்லவன்தான்’ என்று முடித்தார் எதிரணித் தலைவர். கைதட்டலும் வாங்கினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சோதித்துப் பார்க்கும்போதுதான் சிக்கல்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் 40 மாணவர்கள். டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இது. முதலில் கேள்வித்தாள் கொடுத்து ஒவ்வொருவரின் பக்தி எப்படிப்பட்டது என்று அளந்துகொண்டார்கள். பிறகு, ‘அடுத்த கட்டடத்தில் ஒரு சின்ன உரை ஆற்ற வேண்டும், போங்கள்’ என்றார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பே, அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை! வழியில் ஒரு வாசலில் ஒருவர் தலை தொங்கி, இருமி முனகிக்கொண்டு கிடக்கிறார். அவர் ஆய்வாளர்கள் வைத்த ஆள்.

‘இன்னும் நேரம் இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். ‘ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள்’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான். யார் நிற்பார் என்பதைக் கேள்வித்தாளில் அளந்த பக்தி காட்டவில்லை, அவசரம் காட்டியது.

இப்போது யேல் பல்கலைக்கழகத்துக்கு வாருங்கள். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கிய சோதனை. செய்தித்தாள் விளம்பரம் பார்த்து வந்த 40 ஆண்கள்: ஆசிரியர், என்ஜினியர், கூலித் தொழிலாளி என்று கலவையான கூட்டம். முன்னால் ஒரு கருவி, அதில் 30 சுவிட்ச், 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை. அடுத்த அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு தடவையும், அவருக்கு ஷாக் கொடுக்க அடுத்த பெரிய சுவிட்சைப் போட வேண்டும். தயங்கினால், ‘தொடருங்கள்’ என்று கட்டளையிட அறையில் ஓர் ஆய்வாளர் இருப்பார். ஷாக் பொய், போடுகிறவருக்கு அது தெரியாது. 300-இல் அவர் அந்தப் பக்கமிருந்து சுவரை ஓங்கித் தட்டுகிறார். 315-க்கு அப்புறம் சத்தமும் இல்லை, பதிலும் இல்லை. ஆனாலும் 26 பேர் 450 வரை போனார்கள்.

ரசித்துப் போடவில்லை ஐயா! வியர்த்தது, கை நடுங்கியது, சிலருக்கு அடக்க முடியாத பதற்றச் சிரிப்பு வந்தது. மனசு வேண்டாம் என்கிறது, விரல் சுவிட்சில் இருக்கிறது. காரணம் அந்தப் பதினைந்து பதினைந்தில் இருக்கிறது என்பேன். எடுத்த எடுப்பில் 450 என்றால் எத்தனை பேர் தொட்டிருப்பார்கள்? 150 போட்டவருக்கு 165 பெரிதாகத் தெரியாது. இப்போது நிறுத்தினால், இதுவரை போட்டதும் தப்பு என்று ஆகிவிடுமே!

‘மீதி 14 பேர் நிறுத்தினார்களே, அது குணம் இல்லையா?’ என்று கேட்டார் எதிரணித் தோழி. நல்ல கேள்வி. மில்கிராம் அதே ஊரில், அதே போன்ற ஆட்களை வைத்து ஏற்பாட்டை மட்டும் மாற்றிப் பார்த்தார். ஷாக் வாங்குபவர் அதே அறையில், கண்ணெதிரே இருந்தபோது கடைசி வரை போனவர்கள் 40 விழுக்காடு. அவர் கையைப் பிடித்துத் தகட்டில் அழுத்தச் சொன்னபோது 30. கட்டளையிடுபவர் வெளியே போய்ப் போனில் பேசியபோது சுமார் 20. சிலர் சின்ன ஷாக்கைப் போட்டுவிட்டு ‘ஏற்றிவிட்டேன்’ என்று போனில் பொய்யும் சொன்னார்கள். கூடவே உட்கார வைத்திருந்த, மில்கிராமின் ஆட்களான இரண்டு பேர் நடுவில் எழுந்து ‘மாட்டோம்’ என்றபோது 40-க்கு 4 பேர்தான் மிஞ்சினார்கள். 65 விழுக்காடு பத்தானது. நாற்காலியை நகர்த்தினால் குணம் மாறுமா நடுவரே?

மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்க வைத்த ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை நான் சாட்சிக்கு அழைக்கவில்லை. காவலர்களாக நடித்தவர்களுக்குக் கடுமையாக இருக்கும்படி சொல்லிக்கொடுத்தது பின்னால் வெளியே வந்தது. ஓட்டைச் சாட்சி எங்களுக்கு வேண்டாம்.

‘அப்படியானால் தப்பு செய்தவனை விட்டுவிடலாமா?’ யார் விடச் சொன்னது? தண்டியுங்கள். ஆனால் அதே கருவிக்கு முன்னால் அடுத்த ஆளை உட்கார வைத்துவிட்டு, ‘இவர் தங்கமானவர்’ என்று வீட்டுக்குப் போகாதீர்கள்.

கடைசியாக, நம் ரோட்டுக்கு வருகிறேன். விபத்து நடந்தால் கூட்டம் கூடும், ஆம்புலன்ஸுக்குச் சொல்ல ஆள் இருக்காது. 1968-இல் அதே டார்லியும் லடானே என்ற இன்னோர் உளவியலாளரும் இதை அளந்தார்கள். இன்டர்காமில் ஒருவருக்கு வலிப்பு வருவது கேட்கிறது. கேட்பது நான் ஒருவன்தான் என்று நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர் அது அடங்குவதற்குள் எழுந்து போய்ச் சொன்னார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31. கல்நெஞ்சம் இல்லை, ‘வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்ற நினைப்புதான்.

அதனால் ‘யாராவது போன் பண்ணுங்க’ என்று கத்தாதீர்கள். அந்த ‘யாராவது’ வரவே மாட்டார். ஒருவரைக் கைகாட்டுங்கள்: ‘நீலச் சட்டை அண்ணே, நீங்க 108-க்குப் போன் போடுங்க. இடத்தைச் சொல்லிட்டு என்கிட்ட வந்து சொல்லுங்க.’ இன்னொருவரிடம், ‘அக்கா, நீங்க அந்த வண்டிகளை நிறுத்துங்க.’ நீலச் சட்டை அண்ணன் நல்லவரா கெட்டவரா என்று விசாரிக்க அங்கே நேரம் இல்லை நடுவரே, தேவையும் இல்லை.

நன்றி, வணக்கம்.