கடல் தண்ணீருக்கு வயது பார்க்கலாம்

முகத்துவாரத்தை விட்டுக் கிளம்பிய தண்ணீர் கடலுக்குள் வந்து எத்தனை நாள் ஆகிறது, அதோடு வரும் மாசு எங்கே போகிறது என்று பார்க்க ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமம் உதவும். கதிரியக்கம் என்றதும் கூட்டத்தில் முன்வரிசையில் ஒருவர் கல்பாக்கம் பக்கம் கை காட்டினார். சரி, அதை முதலில் தீர்த்துவிடுவோம்: நான் சொல்லப்போகும் ரேடியத்தை யாரும் கடலில் கொட்டவில்லை, மண்ணிலும் சேற்றிலும் இருக்கிற தோரியம் சிதைந்து அது பாட்டுக்குப் பிறந்துகொண்டே இருக்கிறது. ஆற்றில் களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு வரும், முகத்துவாரத்தில் உப்புத் தண்ணீர் பட்டதும் பிரிந்து கரைந்துவிடும்.

இதில் இரண்டு வகையை எடுத்துக்கொள்வோம்: ரேடியம்-224 சிதைந்து பாதியாகக் குறைய 3.66 நாள் போதும், ரேடியம்-228க்கு 5.75 வருடம். ஒன்றை மட்டும் அளந்தால் போதாதா என்பீர்கள். போதாது. பட்டினப்பாக்கத்துக்கு நேரே சில கிலோமீட்டர் உள்ளே 224 குறைவாக இருக்கிறது என்றால், அது நாளாகிச் சிதைந்ததாலா, வெளிக்கடல் தண்ணீர் கலந்ததாலா? சொல்ல முடியாது. ஆனால் கலப்பு இரண்டையும் ஒரே பங்கில்தான் குறைக்கும், மோரில் தண்ணீர் ஊற்றினால் உப்பும் புளிப்பும் சேர்ந்தே குறைகிற மாதிரி. நாள் போவது 224ஐத்தான் தின்னும், 228 சில நாளில் அசையாது. ஆக, 228க்கு எவ்வளவு 224 என்று முகத்துவாரத்தில் இருந்த விகிதம் அங்கே பாதியாகியிருந்தால் தண்ணீர் கிளம்பி ஏறக்குறைய 3.66 நாள். (வெளிக்கடலில் ஏற்கெனவே இருக்கும் 228ஐக் கழிக்க மறந்தால் இளந்தண்ணீர் கிழடாகிவிடும்! ஆழம் குறைந்த இடத்தில் நேர்மாறு, அடிச்சேறு புது 224ஐ விட்டுக்கொண்டே இருப்பதால் வயது குறைத்துக் காட்டும்.)

வேலை பெரிய கருவியில் தொடங்குவதில்லை. அக்ரிலிக் நூலைச் சூடான பெர்மாங்கனேட் கரைசலில் ஊறவைத்தால் மாங்கனீசு ஆக்சைடு படிந்து கன்னங்கரேல் என்று ஆகும், அதைக் குழாயில் அடைத்து நூறு லிட்டருக்கு மேல் கடல்நீரை மெதுவாக விடவேண்டும், ரேடியம் நூலில் தங்கிவிடும். அப்புறம் அளப்பதற்கு ஓட வேண்டியதுதான், நாளானால் சிதைந்துவிடும், 224 காத்திருக்காது.

நம் கரையில் மாசு எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் கரையோர நீரோட்டம் தெற்கே ஓடும், பிப்ரவரி மார்ச்சில் வடக்கே. ஒருமுறை அளந்துவிட்டு அறிக்கை எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்று. கோடையில் அடையாறு முகத்துவாரம் மணல்மூடிக் கிடக்கும்போதும் வெளியே ரேடியம் மிகையாக இருந்தால், சேற்றுக்கு அடுத்தபடி நிலத்தடி நீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். 1996இல் வில்லார்ட் மூர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் இதைத்தான் கண்டார்: கடலில் இருந்த ரேடியம்-226க்கு (இது இன்னொரு வகை) ஆறுகள் கணக்குச் சொல்ல முடியவில்லை. ஆறுகள் கொண்டுவரும் நீரில் சுமார் 40 சதவீத அளவுக்கு நிலத்தடி நீர் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.