ஒரு பக்க மூக்கடைப்பு: ஏற்காட்டுப் பனியா, கடைவாய்ப்பல்லா?

வணக்கம். ஏற்காடு போய்வந்த மறுநாள் மூக்கு அடைத்துக்கொண்டால், சேலத்துக்காரர்களாகிய நாம் உடனே மலைப்பனியைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் அடைப்பு ஒரே பக்கமாக இருந்து, அந்தத் துளையில் மட்டும் அழுகல் நாற்றம் வீசி, மாத்திரை தீர்ந்த சில நாட்களில் மீண்டும் தொடங்குகிறதென்றால், அந்தப் பக்கத்து மேல் கடைவாய்ப்பல்லையும் சந்தேகப்படுங்கள்.

சைனஸ் என்பவை மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகள். அவற்றில் பெரியவை கன்னத்துக்கு உள்ளே, மேல்தாடை எலும்புக்குள் பக்கத்துக்கு ஒன்றாக உள்ளன; மேல் கடைவாய்ப்பற்களின் வேர்கள் இந்தப் பெரிய அறைகளின் தரையை ஒட்டி நிற்கின்றன. வேப்பமரத்து வேர் ஓடி வாசலின் சிமெண்டுத் தரை மேடு தட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலருடைய சி.டி. ஸ்கேனில் சைனஸின் தரை அப்படியேதான் தெரியும். இடையிலுள்ள எலும்பு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

என்னை வியக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. 1651-ல் நத்தானியேல் ஹைமோர் என்ற ஆங்கில மருத்துவர் இந்த அறையை விவரித்து எழுதியபோது, மேல் கோரைப்பல்லைப் பிடுங்கிய பிறகும் நீர் ஒழுகிக்கொண்டே இருந்த ஒரு பெண்மணியைக் குறிப்பிட்டார். அந்தப் பெண்மணியே பல் இருந்த குழிக்குள் வெள்ளி ஊசியை விட்டுப் பார்த்தார்; அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பிறகு தூவியை உரித்த இறகுத் தண்டை நுழைத்தார். அதுவும் வெகுதூரம் போகவே, மூளையையே தொட்டுவிட்டதென்று நடுங்கிப்போனார். உண்மையில் அந்தத் தண்டு கன்னத்துக்குள் இருந்த காற்றறையில்தான் சுருண்டு கிடந்தது.

பல் வலிக்கவில்லையே என்று கேட்பீர்கள். சொத்தை ஆழமாகி நரம்பு செத்துப்போன பல் பல நேரம் வலிப்பதில்லை. வேர் நுனியில் சேர்ந்த சீழ் சைனஸுக்குள் வழி கண்டுபிடித்துவிட்டால், அழுத்தம் குறைந்து இருந்த வலியும் அடங்கிவிடும். நோயாளி பல்லை மறந்துவிட, மூக்குக்கு மட்டும் வைத்தியம் நடக்கிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

ஆகவே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பழைய வேர் சிகிச்சை, பிடுங்கிய பல், இம்பிளான்ட் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பல் மருத்துவர் எடுக்கும் சிறிய எக்ஸ்ரேயில் தெரியாதது சி.டி.யில் தெரியக்கூடும். ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யவோ அதை எடுக்கவோ வேண்டும், சிலருக்கு சைனஸ் அறுவையும் தேவைப்படும். மேல் பல்லை எடுத்த பின் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வந்தால், மூக்கைச் சிந்தாமல் உடனே எடுத்தவரிடமே திரும்பிச் செல்லுங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ பார்வை மங்கினாலோ நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.