கேரளாவுக்கு லோடு அனுப்பறீங்களா? பி.ஓ. பின்பக்கத்தைப் படிச்சீங்களா?

வணக்கமுங்க. பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் காயர் பித் (தேங்கா நார்க்கழிவு) யூனிட் வெச்சிருக்கறவங்களுக்கும், கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ல இருந்து கொச்சி பார்ட்டிக்கு சரக்கு கொடுக்கற நம்ம ஆளுங்களுக்கும்தான் இந்த வீடியோ. தேங்கா, காய்கறின்னு வேற லோடு அனுப்பறவங்களும் பாருங்க, பாதிக்கு மேல பொருந்தும்.

இதோ, கேமராகிட்ட காட்டறேன். ஒரு மாதிரி பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பி.ஓ., வாங்கறவர் கொடுக்கற ஆர்டர் சீட்டு. எல்லாரும் ரேட்டும் டன்னும் பாத்துட்டு மடிச்சு பையில வெச்சுக்குவாங்க. நீங்க முதல்ல மேல இருக்கற பேரைப் பாருங்க. 'இன்ன டிரேடர்ஸ்'னு போர்டு பேர் மட்டும் இருந்தா பத்தாது. அது தனி ஆள் நடத்தற கடைன்னா அவரோட சொந்தப் பேர் வரணும். கூட்டுன்னா பார்ட்னர் பேர் வரணும். ஜிஎஸ்டி நம்பர் 32ல ஆரம்பிச்சா கேரளா, 33ன்னா தமிழ்நாடு. போர்ட்டல்ல போட்டா சட்டப்படி பேர் என்ன, ரெஜிஸ்ட்ரேஷன் உசுரோட இருக்கா, கேன்சல் ஆயிருச்சான்னு தெரிஞ்சிரும். ரெண்டு நிமிஷ வேலைங்க.

அடுத்து சரக்கோட தரம். நம்ம தொழில்ல சண்டை அதிகமா முளைக்கறது இங்கதான். 'இ.சி. 0.5க்குக் கீழ, ஈரப்பதம் 20%க்குள்ள, 5 கிலோ பிளாக்'னு ஒரே வரி. இ.சி.ன்னா பித்துல இருக்கற உப்பைக் காட்டற மின்கடத்தல் அளவு. பாக்கறதுக்கு வரி தெளிவாத்தான் இருக்கு. ஆனா இ.சி.யை எந்த முறையில எடுக்கறது? ஒரு பங்கு பித்துக்கு ஒன்றரைப் பங்கு தண்ணி ஊத்தறது ஒரு முறை, அஞ்சு பங்கு ஊத்தறது இன்னொரு முறை. தண்ணி ஜாஸ்தியானா உப்பு நீர்த்துப்போய் ரீடிங் குறைவாக் காட்டும். நீங்க 1:5ல பாத்துப் பாஸ்னு அனுப்புவீங்க, அவங்க 1:1.5ல பாத்து ஃபெயில்னு திருப்புவாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லலை. அதனால விகிதம் என்ன, எத்தனை பிளாக்ல சாம்பிள் எடுக்கணும், ஒத்துவரலைன்னா எந்த லேப் சொல்றது முடிவு, அந்த ஃபீஸ் யாரு கட்டறதுன்னு எழுத்துல வாங்கிருங்க.

எடையும் அதே கதைதான். 25 டன் லோடு, 20% ஈரம்னா அதுல 5 டன் தண்ணி. அதே சரக்கு காஞ்சு 15%க்கு வந்தா மொத்த எடை சுமார் 23,530 கிலோ. ஒரு பிளாக் கூட திருடு போகாம கிட்டத்தட்ட ஒன்றரை டன் காணாமப் போயிரும்! எந்த வே பிரிட்ஜ் சீட்டு கணக்கு, எந்த ஈரத்துல எடை, எத்தனை சதவீதம் வரைக்கும் குறைஞ்சா பேசக்கூடாது, இந்த மூணும் வேணும்.

சரக்கு எந்த இடத்துல 'கொடுத்தாச்சு'ன்னு ஆகுது? வேற ஏதும் பேசலைன்னா, லாரிக்காரர்கிட்ட ஒப்படைச்சாலே வாங்கறவருக்குக் கொடுத்த மாதிரின்னு 1930 சரக்கு விற்பனைச் சட்டம் எடுத்துக்கும். ஆனா பி.ஓ.ல 'கொச்சி கோடவுன் டெலிவரி'ன்னு இருந்தா கதையே மாறிரும். வழியில நனைஞ்சா பெரும்பாலும் உங்க தலைலதான். அதே சட்டத்துல நமக்குச் சாதகமா ஒண்ணு இருக்கு. சரக்கை இறக்கி வெச்சுட்டு, நியாயமான காலம் தாண்டியும் வேண்டாம்னு சொல்லாம இருந்தா ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். அந்த 'நியாயமான காலம்' எத்தனை நாள்னு இழுபறி வரும். '7 நாளுக்குள்ள எழுத்துல சொல்லணும்'னு நீங்களே நம்பர் போட்டுருங்க.

இப்ப பின்பக்கம், பொடி எழுத்து. 'எர்ணாகுளம் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்'. உங்க இன்வாய்ஸ் அடியில 'பொள்ளாச்சி ஜூரிஸ்டிக்‌ஷன்'னு அச்சடிச்சிருப்பீங்க. பேச்சு முடிஞ்சு லாரியோட போற பில்லுல இருக்கற வரி, அந்தப் பக்கம் ஒத்துக்கலைன்னா பெருசா நிக்காது. இதுல சேலம் பார்ட்டி ஒருத்தர் குஜராத் கம்பெனியோட மோதின கேஸ் ஒண்ணு, 1989ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. ஒப்பந்தத்துல குஜராத் ஊர் பேர் இருந்தும், 'மட்டும்'ங்கற மாதிரி வார்த்தை இல்லாததால சேலம் கோர்ட்டும் விசாரிக்கலாம்னு தீர்ப்பு. அதை நம்பி உக்காந்துராதீங்க. 2013 தீர்ப்புல, அந்த வார்த்தை இல்லாட்டியும் நோக்கம் அதுதான்னு தெரிஞ்சா போதும்னு சொல்லிட்டாங்க. பிடிக்கலைன்னா கையெழுத்துக்கு முன்னாடி அடிச்சுத் திருத்தி, ரெண்டு பேரும் பக்கத்துல இனிஷியல் போடணும்.

இதையும் தாண்டி ஒரு வழி இருக்கு, நம்ம ஆளுங்க நிறைய பேர் பயன்படுத்தறதில்லை. தயாரிக்கற குறு, சிறு யூனிட்டுக்கு உத்யம்ங்கற அரசுப் பதிவு இருந்தா, 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி அவங்க எழுத்துல என்ன கிரெடிட் போட்டாலும் 45 நாளுக்கு மேல இழுக்க முடியாது. எழுத்தே இல்லைன்னா 15 நாள். தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கற பேங்க் ரேட்டுல மூணு மடங்கு வட்டி, மாசா மாசம் கூட்டு வட்டி. முக்கியமா, பாக்கி தகராறுக்கு இந்தச் சட்டப்படி இருக்கற கவுன்சில்ல, சப்ளையர் இருக்கற பக்கமே மனு போடலாம். பொள்ளாச்சிக்காரர் கோயம்புத்தூர்லயே போடலாம், வாங்கினவர் கொச்சியா இருந்தாலும் சரி. பதிவு மட்டும் சப்ளைக்கு முன்னாடியே எடுத்திருக்கணும். வெறும் வாங்கி விக்கற வியாபாரிக்கு இது கிடைக்காது.

டெலிவரி லேட்டானா மழையைச் சாக்குச் சொல்லித் தப்பிக்கலாம்னு நம்பாதீங்க. ஜூன், ஜூலைல பாலக்காட்டுக் கணவாய் வழியா சாரல் அடிச்சா களத்துல பித் காயாது, அது அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்ச மழையை 'எதிர்பாராத சம்பவம்'னு கோர்ட்ல நிரூபிக்கறது கஷ்டம். அந்த ரெண்டு மாசத்துக்குத் தனி டெலிவரி தேதி கேளுங்க. லேட்டானா வாரத்துக்கு இத்தனை சதவீதம் பிடித்தம்னு இருந்தா, மொத்தத்துல 5%க்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு எல்லை வைங்க.

ஸ்டாம்ப் பேப்பர் இல்லைன்னா ஒப்பந்தமே செல்லாதுன்னு சொல்றது சரியில்லைங்க. முத்திரைத் தீர்வை கட்ட வேண்டிய பத்திரமா இருந்து கட்டலைன்னா, பாக்கியும் அபராதமும் கட்டற வரைக்கும் சாட்சியமா எடுக்க மாட்டாங்க, அவ்வளவுதான். வாட்ஸ்அப்ல பேசினதும் எடுபடும். ஆனா அந்த ஃபோனை ஃபார்மட் பண்ணிராதீங்க. 2023 சாட்சியச் சட்டம் 63வது பிரிவுப்படி சான்றிதழ் கொடுக்கணும்.

கடைசியா செக். பவுன்ஸ் ஆச்சுன்னா, உங்க கணக்கு இருக்கற பேங்க் கிளை எந்த ஊரோ அந்த ஊர்லதான் கேஸ். பி.ஓ.ல எர்ணாகுளம்னு இருந்தாலும் இதுக்குக் கவலையில்லை. பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும். நோட்டீஸ் அவங்க கைக்குப் போனதுல இருந்து 15 நாள் டைம். கட்டலைன்னா அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள புகார். 'அடுத்த வாரம் போட்டுடறேன் சேட்டா'ன்னு அவங்க சொல்லிட்டே இருப்பாங்க. நீங்க பேசிட்டே இருங்க, நோட்டீஸை மட்டும் ஸ்பீட் போஸ்ட்ல ரிஜிஸ்ட்ரேஷன் போட்டு அனுப்பிட்டுப் பேசுங்க.