ரயிலில் ஏறாதவர் ரயிலுக்கு ஏன் வரி கொடுக்க வேண்டும்?

“லாஸ் ஏஞ்சலஸ் மக்கள் வாக்களித்துத் தங்கள் மீதே வரி விதித்துக்கொண்டார்கள் என்றீர்கள், பெரும்பாலோர் காரில் செல்லும் ஊரில், தாங்கள் ஏறாத ரயிலுக்கு எப்படிச் சம்மதித்தார்கள்?” என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். என்னை மிகவும் மகிழ்வித்த கேள்வி இது.

சொத்து வரி பற்றிய உரையில் கலிபோர்னியாவின் முன்மொழிவு 13 பற்றிச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். 1978இல் வந்த அந்தச் சட்டத் திருத்தத்தால், உள்ளாட்சி அமைப்பே முன்வைக்கும், குறிப்பிட்ட நோக்கத்துக்கான உள்ளூர் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்படுகின்றன. 2008இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) போக்குவரத்துக்காக டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரி கேட்ட ‘மெஷர் ஆர்’ என்ற வாக்கெடுப்புத் தீர்மானம் அந்த எல்லையை மயிரிழையில் தாண்டியது. அதன் காலத்தை நீட்டிக்கக் கேட்ட ‘மெஷர் ஜே’ 2012இல் 66.1 விழுக்காடு பெற்றும் தோற்றது. 2016இல் காலவரம்பே இல்லாமல் இன்னொரு அரை சென்ட் கேட்ட ‘மெஷர் எம்’ 71 விழுக்காட்டுக்கு மேல் பெற்று வென்றது.

கார் ஓட்டுபவர்களின் வாக்கு இல்லாமல் இந்த எண்ணிக்கை சாத்தியமே இல்லை. அவர்களுக்கு முதலில் சொல்லப்பட்டது சாலை நெரிசல் குறையும் என்பதுதான். அடுத்தவர் ரயிலுக்குப் போய்விட்டால் தன் பாதை காலியாகும் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். காலியான பாதையில் புதிய கார்கள் வந்து சேரும் என்பதால் அந்த உறுதிமொழி எனக்கு உவப்பானதல்ல. ஆனால் நான் அடிக்கடி வலியுறுத்தும் ஒன்று அங்கே சரியாக நடந்தது: பணம் எங்கே போகும் என்பது வாக்களிப்பதற்கு முன்பே எழுத்தில் இருந்தது. மெஷர் ஆரில் 35 விழுக்காடு புதிய ரயில், பேருந்துத் தடங்களுக்கு, 20 விழுக்காடு நெடுஞ்சாலைகளுக்கு, 20 விழுக்காடு பேருந்து இயக்கத்துக்கு, 15 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்றெல்லாம் பிரித்து எழுதியிருந்ததால், கவுண்டியின் 88 நகரங்களில் எதில் வாழ்பவரும் தமக்கான பங்கைப் பார்க்க முடிந்தது.

நேயர் கேட்டதற்கு விடை இவ்வளவுதான். ஆனால் அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: ரயிலில் ஏறாதவர் கொடுப்பது இருக்கட்டும், பேருந்தில் ஏறுபவர் கொடுத்த வரி பேருந்துக்கு வந்ததா? கலிபோர்னியாவில் மளிகைப் பொருள்களுக்கு விற்பனை வரி இல்லை. ஆனால் சட்டைக்கும் செருப்புக்கும் பாத்திரத்துக்கும் உண்டு. ஆகவே வருமானத்தில் கூடுதலான பங்கை இந்த வரிக்குக் கொடுப்பவர் ஏழைதான். பேருந்தை நம்பி வாழ்பவரும் பெரும்பாலும் அவரே.

வரிப்பணம் பேருந்துக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல சான்று 1980இல் மக்கள் ஏற்ற முதல் அரை சென்ட் வரி. கென்னத் ஹான் என்ற கவுண்டி ஆட்சிக்குழு உறுப்பினர், ரயில் வருவதற்கு முன்பே மக்களுக்குப் பலன் தெரிய வேண்டும் என்று, மூன்று ஆண்டுகளுக்குப் பேருந்துக் கட்டணக் குறைப்பை அதில் சேர்த்திருந்தார். அந்த வரி செல்லுமா என்ற வழக்கு முடிந்து 1982இல் 85 சென்ட் கட்டணம் 50 சென்டானது. பயணிகள் ஏறத்தாழ 40 விழுக்காடு பெருகினார்கள். 1985இல் அந்தக் காலம் முடிந்து, பணம் ரயில் கட்டுவதற்குத் திரும்பி, கட்டணம் ஏறியதும் கூட்டம் குறையத் தொடங்கியது. ஒரு தண்டவாளம்கூடப் போடாமல், ஓடிக்கொண்டிருந்த பேருந்துகளைக் கொண்டே அத்தனை பேரை ஈர்த்தார்கள் என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை.

பிறகு ரயில்கள் வந்தன, பேருந்துகளில் நெரிசல் நீடித்தது. 1994இல் பேருந்துப் பயணிகளின் சார்பில், ரயிலுக்குப் பணத்தைக் கொட்டி ஏழைகளையும் சிறுபான்மையினரையும் ஒதுக்குகிறார்கள் என்று அங்கே பேருந்தையும் ரயிலையும் நடத்தும் மெட்ரோ நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 1996இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பேருந்துகளில் நின்று செல்வோரின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவும் அதற்கேற்பப் பேருந்துகளைக் கூட்டவும் நிர்வாகம் பத்து ஆண்டுகளுக்குக் கட்டுப்பட்டது. ஆகவே எந்த ஊரில் இத்தகைய வரியை முன்வைத்தாலும் நான் ஆதரிக்கவே விரும்புவேன். ஆனால் கட்டுமானத்தின் பங்கைப் படிப்பதற்கு முன், அன்றாட இயக்கத்துக்கு எத்தனை விழுக்காடு எழுதியிருக்கிறார்கள், அது எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையே தேடுவேன்.