90 ஜிபி டேட்டா 500 ஜிபி எஸ்எஸ்டிக்குள்ள போகலையா? காரணம் கடைசி மூலையில இருக்கு!

டேட்டா 90 ஜிபி. கையில புத்தம் புது 500 ஜிபி எஸ்எஸ்டி. சிஸ்டம் இமேஜை ரீஸ்டோர் பண்ணப் போனா, இதுக்கு ஏத்த டிஸ்க் இல்லைன்னு விண்டோஸ் கைய விரிக்குது. 400 ஜிபிக்கு மேல காலியா கிடக்கு மக்களே!

வணக்கம். எங்க அத்தை லேப்டாப்ல நடந்த கதை இது. பழசு 512 ஜிபி, அது போயிடுச்சு. கடையில 500தான் கிடைச்சுது. 12 ஜிபி கம்மிதானே, என்ன ஆகிடப் போகுதுன்னு வாங்கிட்டு வந்தோம். அந்த 12 ஜிபிதான் ரெண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துச்சு.

சிஸ்டம் இமேஜ்னா விண்டோஸ், புரோகிராம், ஃபைல் எல்லாத்தையும் இருந்தது இருந்தபடி எடுத்து வெக்கிறது. அவ்வளவுதான், மேல போவோம்.

இப்போ நிலப் பத்திரம் ஒண்ணை மனசுல நினைச்சுக்கோங்க. நாலு எல்லை எழுதியிருக்கும் இல்லையா? விளைச்சல் எவ்வளவுன்னு அதுல இருக்காது. உங்க இமேஜுக்குள்ளயும் அப்படி ஒரு பத்திரம் இருக்கு, அதான் பார்ட்டிஷன் டேபிள். பார்ட்டிஷன்னா டிஸ்க்கைப் பிரிச்சு வெச்ச பகுதி, செக்டர்னா டிஸ்க்கோட குட்டி அளவுத் துண்டு. சி டிரைவ் இந்த செக்டர்ல ஆரம்பிச்சு இந்த செக்டர்ல முடியுதுன்னு அதுல அளந்து எழுதியிருக்கும். 512 ஜிபி டிஸ்க்ல பொதுவா 100 கோடியே 2 லட்சத்து 15 ஆயிரத்து 216 செக்டர். 500 ஜிபியில 97 கோடியே 67 லட்சத்து 73 ஆயிரத்து 168. நிலத்தோட கிழக்கு ஓரத்துல ரெண்டே கால் கோடி செக்டருக்கு மேல காணோம்!

அந்தக் கிழக்கு ஓரத்துல என்ன இருக்கு தெரியுமா? கிணறு! அதாவது ரிக்கவரி பார்ட்டிஷன், விண்டோஸ் கெட்டுப் போனா சரி பண்ற டூல் இருக்கிற பகுதி. பல லேப்டாப்ல சி டிரைவ் முடிஞ்சதும் டிஸ்க்கோட கடைசியில சின்னதா உட்கார்ந்திருக்கும். பயிர் மேற்கு மூலையில 90 ஜிபிதான், ஆனா கிணறு அந்தக் கடைசியில. இது எனக்குப் புரிஞ்ச அன்னைக்குத்தான் அந்த எரர் மெசேஜ் மேல இருந்த கோபமே போச்சு. அது காலி இடத்தைப் பார்க்கல, எல்லைக் கல்லைப் பார்க்குது.

பழைய டிஸ்க் உயிரோட இருந்தா வேலை சுலபம். முதல்ல ஃபைல்களுக்குத் தனியா ஒரு காப்பி எடுத்துடுங்க. அப்புறம் விண்டோஸ்லயே இருக்கிற டிஸ்க் மேனேஜ்மென்ட் டூல்ல சி டிரைவை ஷ்ரிங்க் பண்ணுங்க, அதாவது சுருக்குங்க. பாதியிலயே நின்னுடுச்சா? விண்டோஸ் தன் வேலைக்குன்னு வெச்சிருக்கிற பேஜ் ஃபைல், ஹைபர்னேட் ஃபைல் நடுவுல நகராம படுத்திருக்கும். ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, மறுபடி பாருங்க. அடுத்து பார்ட்டிஷனை நகர்த்துற ஜிபார்ட்டட்ங்கிற டூல் போட்டு கிணத்தை இடப்பக்கம் நகர்த்துங்க. இந்தப் படியைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க.

அப்புறம் புது டிஸ்க்குக்குக் குளோன் பண்ண, அதாவது அப்படியே நகலெடுக்க, குளோன்ஸில்லா டூல், இலவசம். பயன்படுத்தின பிளாக்கை மட்டும்தான் காப்பி பண்ணும், இருந்தாலும் சின்ன டிஸ்க்னா அதுவும் மறுக்கும். எக்ஸ்பர்ட் மோட்ல டிஸ்க் அளவைச் சரிபார்க்காதேன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை டிக் பண்ணணும்.

பழைய டிஸ்க் செத்துடுச்சு, இமேஜ் மட்டும்தான் இருக்குன்னா? எங்க நிலைமை அதுதான். 1 டிபி டிஸ்க் ஒண்ணை இரவல் வாங்கி, லேப்டாப்ல மாட்டி, அதுல ரீஸ்டோர் பண்ணினோம். பெரிய டிஸ்க்னா விண்டோஸ் ஒண்ணும் சொல்லாது. அங்கேயே சுருக்கி, கிணத்தை நகர்த்தி, 500க்குக் குளோன். இரவல் டிஸ்க்ல இருக்கிறது மொத்தமும் அழிஞ்சுடும், தயவுசெஞ்சு காலியானதா பார்த்து வாங்குங்க!

ஃபைல் மட்டும் போதும்னா இவ்வளவும் வேண்டாம். விண்டோஸ் இமேஜ் உள்ளுக்குள்ள ஒரு விஎச்டிஎக்ஸ் ஃபைல்தான், அதாவது ஃபைல் வடிவத்துல இருக்கிற டிஸ்க். வேற கம்ப்யூட்டர்ல டிஸ்க் மேனேஜ்மென்ட்ல அட்டாச் பண்ணினா தனி டிரைவா திறக்கும். அத்தையோட பேரன் பிறந்தநாள் போட்டோவை நாங்க முதல் ராத்திரியே அப்படித்தான் எடுத்துக் கொடுத்தோம்.

இன்னொண்ணு. விண்டோஸோட இந்த இமேஜ் வசதியை மைக்ரோசாஃப்ட் 2017லயே கைவிடப் போறதா அறிவிச்சாச்சு. புதுசா பேக்கப் எடுக்கிறவங்க வேற டூலுக்கு மாறிடுங்க.

இப்பவே டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்க. உங்க கிணறு எந்த மூலையில இருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க!